நம் வீட்டுக் கண்ணும் நடுவில் விழுந்த புரையும்

என் அருமை ராசாவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகம் எப்படி என்று கேட்க வேண்டியதில்லை, போன வாரம் வந்த உன் கடிதமே சொல்லிவிட்டது. முதலில் இந்தக் கையெழுத்தை நன்றாகப் பார். தோணி ஆபீஸ் குமாஸ்தாவான உன் அப்பாவின் கையெழுத்து இப்படி மேலும் கீழும் ஏறி இறங்குமா? இது என் கையெழுத்து. நான்கு வருஷத்துக்கு அப்புறம் நானே பேனா பிடித்து, நானே பார்த்து, நானே எழுதுகிறேன். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். கதைப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பிள்ளை நீ. இதில் அந்த வேலை வேண்டாம், வரிசையாகவே படி.

உன் கடிதத்தையும் நானே படித்தேன், இரண்டு தடவை. "உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது அம்மா, ஓரம் போனது போதாதென்று இப்போது நடுவிலும் புகை மூட்டமாக இருக்கிறது, வெயிலில் நின்று மூட்டைகளின் மேல் போட்டிருக்கிற எழுத்தைப் படிக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். மாசக் கடைசியில் கொழும்புச் சரக்குக் கிட்டங்கி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரப் போகிறாயாம். அதற்கு முன்னால் நான் நாசரேத்துக்குப் போய், எஸ்தர் வீட்டில் காரணம் எதுவும் சொல்லாமல் கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டுமாம். நிச்சயம் முடிந்து ஆறு மாசம், கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாசம். நல்ல வேலைதான் கொடுத்தாய் அம்மாவுக்கு! நாசரேத்துக்குப் போய்விட்டும் வந்துவிட்டேன். ஆனால் நீ சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னது என்ன என்று எழுதுவதற்கு முன்னால் நம் வீட்டுக் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியாத சில சங்கதிகளைச் சொல்ல வேண்டும். தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே சொல்வேன், வயசாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

இந்தக் கண் என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அவர் முத்துத் தரம் பிரிக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். முத்துக் குளிப்பு நடந்த வருஷங்களில் வியாபாரிகள் அவரை வண்டி வைத்துக் கூப்பிட்டுப் போவார்கள். பித்தளைச் சல்லடைகளை அடுக்கி வைத்து, பெரிசு சிறிசாக அரித்து, பிறகு ஒவ்வொன்றாகக் கறுப்புத் துணியில் உருட்டிப் பார்ப்பார். ஊசி முனை அளவு பள்ளம் இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அதே மனுஷர் எழுந்து இரண்டு எட்டு வைத்தால் பக்கத்தில் இருக்கிற சிப்பித் தொட்டியில் இடித்துக்கொண்டு விழுவார். பொழுது சாய்ந்தால் வீட்டு வாசலே தெரியாது. வியாபாரிகளுக்கு இது பெரிய வேடிக்கை. "அண்ணாச்சிக்கு முத்து தெரியும், யானை தெரியாது" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நடுவில் ஒரு துவாரம் போலப் பார்வை, அதில் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படித்தான் அமைந்தது, உனக்கும் அப்படித்தான். என் தம்பிக்கு இல்லை, உன் அக்காவுக்கு இல்லை. நமக்கு மட்டும் ஏன் என்று நான் கர்த்தரிடம் நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

உனக்கு அது இருக்கிறதென்று தெரிந்தபோது உனக்கு ஒன்பது வயசு. சாயங்காலப் பந்து விளையாட்டில் நீ மட்டும் பந்துக்கு எதிர்த் திசையில் ஓடினாய். நான் செய்த முதல் காரியம் சுறா எண்ணெய் வாங்கியது. மாலைக்கண்ணுக்கு மீன் ஈரல் எண்ணெய் கைகண்ட மருந்து என்று இந்தக் கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள், சாப்பாட்டுக் குறைவால் வருகிற மாலைக்கண்ணுக்கு அது உண்மையும்கூட. பரம்பரையாக வருகிற நம்முடையதற்கு அது வேலை செய்யாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். மூன்று வருஷம் காலையும் மாலையும் உன் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று நீ அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுப் பூனை மட்டும் உன்னை விட்டு நகராது. அந்த மூன்று வருஷத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். சிரிக்காதே, மனசாரத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. என் கல்யாணத்தில் என் கண்ணை மறைத்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தது மத்தியானம், கல்யாணம் காலையில், அதனால் ஒரு சிரமமும் இல்லை. அதற்கப்புறம்தான் வந்தது வினை. உன் அப்பாவுக்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போக வேண்டும், புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. நான் ஒரு நாள் தலைவலி என்றேன், ஒரு நாள் அடுப்பில் குழம்பு என்றேன், ஒரு நாள் கால் வலி. எட்டு மாசம் இப்படி. அவர் எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். பேச்சே குறைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பா வீட்டில் கொண்டு விட்டுவிட்டு, "இஷ்டமில்லன்னா இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்போதுதான் ஓடிப்போய் உள்ளதைச் சொன்னேன். அப்படியே நின்றார். "இதுக்கா? சொல்லியிருந்தா ஒரு அரிக்கன் விளக்கு வாங்கியிருப்பேனே!" என்றார். அன்றைக்கே வாங்கினார். எட்டு மாச வருத்தம் ஒரு அரிக்கன் விளக்கில் தீர்ந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும், நீ மக்குப் பிள்ளை இல்லை.

யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு ஆபத்து என்று ஊர் முழுக்க விளக்கை அணைக்கச் சொன்னார்களே, அந்த நாட்களில்தான் நம் வீட்டுக் கண்ணுக்குக் கௌரவம் வந்தது. ஊரே நம்மைப் போல ஆகிவிட்டது. கோயிலில் மாலை ஆராதனை முடிந்து வரும்போது கடைக்கார அண்ணாச்சி சாக்கடையில் காலை விட்டார், உன் அப்பா தந்திக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். நான் மட்டும், முப்பது வருஷமாகக் காலடி எண்ணி நடந்து பழகியவள், அவர் கையைப் பிடித்து வீட்டு வாசல் வரைக்கும் கூட்டி வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

அந்தப் பெருமை அடங்குவதற்குள் வியாதி என் பார்வையின் நடுவிலும் கை வைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் பெண்பிள்ளைகளுக்குத் துணி ஓரத்தில் வைக்கிற ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, தலையணையில் குண்டூசி குத்தி, நூலை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை. என் துவாரத்துக்குள் அடங்குகிற வேலை. திடீரென்று குண்டூசிகள் மங்கத் தொடங்கின. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல நடுவில் ஒரு மூட்டம். இங்கேதான் நான் நம் குடும்பத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். நம் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், கண் தெரியவில்லையென்றால் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். அதனால் நானும் போனேன். ஜன்னலோரம் போனேன், பிறகு வராந்தாவுக்குப் போனேன், பிறகு முற்றத்தில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எதிரே, உச்சி வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் கூடக் கூடப் பார்வை குறைந்தது. கண்ணுக்குள் மாவைக் கொட்டினாற்போல ஒரே வெள்ளை. இவ்வளவு வெயிலிலும் தெரியவில்லையென்றால் அவ்வளவுதான், அப்பாவுக்கு வந்த முடிவு எனக்கும் வந்துவிட்டது என்று வேலையை விட்டேன். யாரையும் கேட்கவில்லை. நம் வியாதியைப் பற்றி நம்மைவிட யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற திமிர்தான், வேறென்ன?

நீ போன தடவை வந்தபோது பார்த்தது அந்த அம்மாவைத்தான். நீ கப்பல் ஏறி இரண்டு வாரத்தில் உன் அப்பா பேப்பர் படிக்க முடியவில்லை, கண்ணாடி போட வேண்டும் என்று மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். தனியாக வீட்டில் விட மனசில்லாமல் என்னையும் கூட்டிப் போனார். டாக்டர் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கும் என்று நினைத்து நானாக உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு முழம் தள்ளி இருந்தது. தரையில் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா உன் அப்பாவை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டார். "எங்க வீட்டுக் கண் அம்மா, பரம்பரை, ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க அவங்களப் பாருங்க" என்றேன். "செய்ய முடியுமா முடியாதான்னு நான் சொல்லுதேன். உங்களுக்கு எப்பம் நல்லாத் தெரியும்? காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "மானம் மூடிக் கெடக்கிற நாள்ல கொஞ்சம் தெரியும். கோயிலுக்குள்ள நெழல்ல உக்காந்தா பாட்டுப் புஸ்தகத்துல பெரிய எழுத்து தெரியும். வெளிய வந்தா போச்சு" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இருட்டுல கண்ணு தெரியாத வீட்டுல பொறந்துட்டு நெழலு நல்லாருக்குங்கீங்க. இது ஒரு வியாதி இல்ல, ரெண்டு" என்றார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை உட்கார வைத்து, கையில் பிடிக்கிற சின்ன விளக்கால் உள்ளே பார்த்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உனக்குச் சொல்கிறேன். கண் ஒரு அறை என்று வைத்துக்கொள். பின்சுவரில் பார்வை விழுகிறது, முன்பக்கம் ஜன்னலில் ஒரு கண்ணாடி இருக்கிறது. நம் வீட்டு வியாதி பின்சுவரில். ஓரத்திலிருந்து கரிப் பொட்டு விழுந்து மெல்ல மெல்ல நடுவை நோக்கி வருகிறது. அதற்கு மருந்து கிடையாது, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் இப்போது கெட்டிருப்பது ஜன்னல் கண்ணாடி. அதுதான் புரை. கிழவர்களுக்கு வருகிற மாதிரி முழுக்கப் பழுக்காமல், கண்ணாடியின் பின்முகத்தில், சரியாக நடுவில், ஒரு சின்ன அழுக்குப் போலப் படிகிறதாம். நம்மைப் போலச் சுவர் கெட்டவர்களுக்கு இது இளம் வயசிலேயே வருவதுண்டாம். ஏன் வருகிறது என்று கேட்டேன். "சுவர்ல இருக்கிற நோய் எப்படியோ கண்ணாடியையும் கெடுக்குது. எப்படின்னு புஸ்தகம் எழுதுனவங்களுக்கும் தெரியல்ல" என்றார். வெயிலில் போனால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் பார்ப்பதற்கு மிச்சம் இருக்கிற வழி அந்த அழுக்கு இருக்கிற இடம் மட்டும்தான். நிழலில் கண்மணி விரிந்து, அழுக்கைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயில் வெயிலாக ஓடிய கதையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பும் பரிதாபமும் சேர்ந்தே வந்தது.

நான் அங்கேயே அழுதுவிட்டேன், ராசா. எனக்காக இல்லை. என் அப்பாவுக்குக் கடைசியில் கண்மணியே வெளுத்துப் போய்விட்டது. அப்போது எனக்குக் கல்யாணமாகி நீயும் பிறந்துவிட்டாய். வெளியூர் டாக்டர் ஒருவர் எங்கள் கோயில் வளாகத்தில் கூடாரம் போட்டுப் புரை எடுத்தார். அப்பா முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, விடியும்போதே தயாராக இருந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். எங்கள் முறை வந்தது. டாக்டர் அப்பாவின் கண்ணைத் திறந்து பார்க்கக்கூட இல்லை, அதற்குள் நான் படித்தவள் என்று காட்டிக்கொள்ள, "இது புரை இல்லீங்க, பரம்பரையா வருத கண்ணு நோய்" என்றேன். நூறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அப்பா என் கையைத் தேடிப் பிடித்தார். "சரி, வா போலாம்" என்றார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "பாக்காம எப்படிச் சொல்ல? தெரிஞ்சிருக்கலாம்" என்றார். அவருக்கு நான் செய்ததை உனக்கு நீயே செய்துகொள்ளக் கூடாது. இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான்.

முதலில் ஒன்றரை மாசம் கண்மணி விரிகிற சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். அதிலேயே சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. பிறகு புரை எடுக்கலாமா என்று பார்க்க, ஒரு விளக்கை மேலே, கீழே, பக்கத்தில் என்று காட்டி, "இப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். நடுவில் கொஞ்சம் சுவர் மிச்சம் இருக்கிறது, எடுத்தால் அந்த அளவுக்குத் தெரியும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று கறாராகச் சொல்லித்தான் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் உன் அப்பா வாயைக் கட்டினேன். கண் வராமல் போனால் நீ மனசு உடைந்துவிடுவாய் என்று பயம். மறைப்பதே தப்பு என்று இப்போது உனக்குப் போதிக்கிற நான் நான்கு மாசம் உன்னிடம் மறைத்தேன், பார்த்தாயா?

ஆபரேஷன் ஒன்றும் இல்லை. கண் மரத்துப்போக மருந்து விட்டார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. கஷ்டம் அதற்கப்புறம்தான். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, பத்து நாள் மல்லாந்து படுக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கவே கூடாது. எனக்கா இந்தத் தண்டனை! அடுத்த கட்டிலில் புன்னைக்காயல் லூர்தம்மாள் என்று ஒரு அம்மாள், மீன்பிடிக்கிற வீடு, அவளுக்கும் புரை. என்னைவிட நாலு நாள் முந்தியவள். "ஏளா டீச்சரு, சிரிக்காம கேளு" என்று ஆரம்பிப்பாள். "எங்க கோயில் மூலையில பழைய வலையச் சுருட்டிச் சாத்தி வச்சிருந்தானுவ. நான் அத அந்தோனியார் சுருவம்னு நெனச்சி ஒரு மாசம் முழங்கால் போட்டு செபம் பண்ணியிருக்கேன். மெழுகுதிரிகூட ஏத்துனேன்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கேட்டது கெடச்சிதா?" என்றேன். "எல்லாம் கெடச்சிது! அதானே ஆச்சரியம்" என்றாள். என் கட்டில் ஆடிய ஆட்டத்தில் நர்ஸம்மா ஓடி வந்து லூர்தம்மாளை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டினார்.

கட்டு அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது நீலம். நர்ஸம்மாவின் சேலைக் கரை. இப்படி ஒரு நீலத்தை நான் பார்த்து எத்தனை வருஷமாகிவிட்டது! அடுத்தது உன் அப்பா. "என்னங்க, இவ்வளவு நரைச்சிட்டீங்க?" என்றேன். "நீ பாக்கலன்னு தைரியமா நரைச்சிட்டேன்" என்றார். இப்போது எனக்கு இரண்டு கண்ணாடி, சோடாபுட்டி கனம். எழுதப் படிக்க ஒன்று, நடக்க ஒன்று. மாற்றிப் போட்டுக்கொண்டால் கூத்துதான். எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரிகிறது. முதல் வாரம் காப்பியை டம்ளருக்கு முன்னால் ஊற்றினேன். ஓரம் திரும்பி வரவில்லை. கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாக்குவதால் என் துவாரத்துக்குள் முன்னைவிடக் கொஞ்சம்தான் அடங்குகிறது. இருட்டினால் பழையபடி உன் அப்பா கைதான். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் போன புதன்கிழமை இரண்டு விரல் அகலத்துக்கு ரேந்தை பின்னினேன். பிசகு இல்லாமல்.

இப்போது உன் கடிதத்துக்கு வா. "வெயிலில் நின்று படிக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, மூட்டையைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று கிட்டங்கிக்குள்ளிருந்து முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னாயா? சொல்லியிருப்பாய். என் பிள்ளைதானே! நாளைக்கே உள்ளே நிழலில் வைத்துப் பார். விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிப் போடு. நிழலில் கொஞ்சமாவது தெளிந்தால் நீயும் என்னைப் போல ஜன்னல் கண்ணாடியைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்த வாரமே போ. குடும்ப வியாதியைப் பற்றிக் கட்டாயம் சொல். ஆனால் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்காதே. "சொட்டு மருந்து விட்டு உள்ளே பாருங்கள், புரை எவ்வளவு, பின்னால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்று கேட்டு உட்கார்ந்துவிடு. உனக்கு இப்போதைக்கு மருந்தே போதும் என்பார்களோ, எடுக்க வேண்டும் என்பார்களோ, எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லலாம், அதையும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் பார்த்துச் சொல்கிற வரைக்கும் வேலையை விடாதே.

சரி, நாசரேத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நானும் உன் அப்பாவும் போனோம். எஸ்தரின் அப்பா அம்மாவிடம் உன் அப்பாவை உட்கார வைத்துவிட்டு, நான் அவளைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். என் அப்பாவில் ஆரம்பித்து, மேலே எழுதினதெல்லாம் சொன்னேன். உன் கண்ணைப் பற்றியும் சொன்னேன். நீ கல்யாணத்தை நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன். முடித்ததும், "பொறக்கப் போற பிள்ளைகளுக்கு வருமா அத்தை?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், முதல் கேள்வியே சரியான கேள்வி. "வரலாம். வராமலும் போகலாம். எனக்கு ரெண்டு பிள்ளை, ஒண்ணுக்கு வந்துச்சு, ஒண்ணுக்கு வரல்ல. இன்னாருக்குத்தான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீ சொன்னபடி காரணம் சொல்லாமலே நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்ணுக்காவது மனக்கஷ்டம் மிச்சமாகியிருக்குமோ என்றுகூடத் தோன்றியது. ரொம்ப நேரம் கழித்துக் காப்பியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள். என் கையைப் பிடித்து டம்ளரைச் சரியாக வைத்தாள். "எனக்குக் கோவம் கண்ணப் பத்தி இல்ல அத்தை. நிச்சயத்தன்னைக்கு அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க, இத ஒரு வார்த்தை சொல்லலியே! இப்பமும் நீங்கதான வந்து சொல்லுதீங்க? அவங்க வாயால எனக்குத் தெரியணும். அது வரைக்கும் நான் சரின்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடித்தும்கொண்டேன்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள். உன் அப்பா முன்னால் போய்விட்டார். அவள் தயங்கித் தயங்கி, "அத்தை, அவங்களுக்கு என் மொகம் தெரியுமா?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "இந்தப் புரைக்கு வழி பிறந்தா, நேர நின்னா தெரியும். பக்கத்துல நின்னா தெரியாது ஏளா, எவ்வளவு கிட்ட நின்னாலும் தெரியாது" என்றேன்.

"அப்பம் நேர நின்னுக்கிடுதேன்" என்றாள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போட உட்காராதே, ராசா. முதலில் அவளுக்கு எழுது.

உன் அம்மா